1974-இல் பால் ஊற்றப்பட்ட கட்சி 1980-இல் எப்படி எழுந்தது? (அமெரிக்காவின் எழுபதுகள்)

பழையபேப்பர்:

ரீகன் காலத்தைப் பற்றி இங்கே பேசித் தீர்த்தாயிற்று. எனக்குப் புதிராக இருப்பது அதற்கு முந்தைய பத்து வருடம்.

1972 நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி நிக்சன் 49 மாநிலங்களில் ஜெயிக்கிறார். எதிர்த்து நின்ற மெக்கவர்னுக்குக் கிடைத்தது மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்தான். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்ததை மூடிமறைத்த வாட்டர்கேட் ஊழலில் மாட்டி, 1974 ஆகஸ்ட் 9 அன்று அதே மனிதர் பதவியை விட்டு ஹெலிகாப்டர் ஏறிப் போகிறார். துணை ஜனாதிபதி அக்னியூ வரி ஏய்ப்பு வழக்கில் மாட்டி முந்தின வருடமே விலகியிருந்தார். ஆகவே ஜனாதிபதியாகவோ துணை ஜனாதிபதியாகவோ மக்கள் ஓட்டே போடாத ஜெரால்ட் ஃபோர்ட் நாட்டின் தலைவர். அவரும் ஒரே மாதத்தில் நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். அந்த நவம்பரில் நடந்த இடைக்காலத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 49 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. குடியரசுக் கட்சிக்குப் பால் ஊற்றியாயிற்று என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள்.

ஆறே வருடத்தில் அதே கட்சியின் ரீகனுக்கு 44 மாநிலங்கள், ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி கார்ட்டருக்கு 6. செனட்டும் கைமாறியது.

கேட்டால் "ஈரான் பணயக்கைதிகள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது 1979 நவம்பர் 4. அந்த வருடம் கோடையிலேயே கார்ட்டரின் செல்வாக்கு தரை தட்டியிருந்தது. அதனால் அந்தப் பதில் போதாது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடியது பணம் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு:

கனமாகத் தொடங்கிவிட்டீர்கள் அண்ணே, நான் கொஞ்சம் இலேசாக. 1973 டிசம்பரில் ஜானி கார்சன் தன் இரவு நிகழ்ச்சியில் கழிப்பறைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு ஜோக் அடித்தார். ஜனங்கள் கடை கடையாகப் போய் அலமாரியைக் காலி செய்துவிட்டார்கள். அப்புறம் நிஜமாகவே தட்டுப்பாடு. பெட்ரோலுக்கு வரிசை, இறைச்சிக்கு விலை என்று பார்த்து நொந்தவர்களிடம் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:

பேப்பர் சார் சொல்வதுதான் என் கட்சியும். ஆனால் தேதியை அவர் தள்ளி வைக்கிறார். எனக்கு எழுபதுகள் தொடங்குவது 1971 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்று நிக்சன் டெலிவிஷனில் தோன்றி மூன்று குண்டு போட்டார். வெளிநாட்டு அரசுகள் அவுன்ஸுக்கு 35 டாலர் என்ற விலையில் டாலரைத் தங்கமாக மாற்றிக்கொள்ளும் வசதி நிறுத்தப்பட்டது. விலைகளும் சம்பளங்களும் 90 நாள் அப்படியே நிற்க வேண்டும். இறக்குமதிக்கு 10 சதவீதம் கூடுதல் வரி. வியட்நாம் போருக்கும் முந்தைய ஜனாதிபதி ஜான்சனின் நலத்திட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் செலவு செய்து, வெளியே சுற்றிய டாலர் உள்ளே இருந்த தங்கத்தைத் தாண்டிவிட்டது. யாராவது மொத்தமாக வந்து கேட்டால் கொடுக்கத் தங்கம் இல்லை. அதனால் கதவைச் சாத்தினார். வேடிக்கை என்னவென்றால் மறுநாள் பங்குச்சந்தை கொண்டாடியது. தேர்தலுக்கு இன்னும் ஒரு வருடம்தான் என்பதை நிக்சன் மறக்கவே இல்லை. மத்திய வங்கித் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை வட்டியைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதற்கு அவருடைய ஒலிநாடாக்களே சாட்சி.

விலையைச் சட்டம் போட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? தீவன விலை ஏறுகிறது, கோழி விலை ஏறக் கூடாது. 1973 கோடையில் பண்ணைக்காரர்கள் கோழிக்குஞ்சுகளைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றதை நாடே டெலிவிஷனில் பார்த்தது. முந்தின வருடம்தான் சோவியத் யூனியன் அமெரிக்கக் கோதுமையை மலிவு விலைக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தது.

அதற்கு மேல் 1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு மோதிய போர். இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்ததற்காக அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் இருந்தது சில மாதத்தில் 12 டாலரை நெருங்கியது. இதற்கு முன்பெல்லாம் இப்படி நடந்தால் டெக்சாஸ் கிணறுகளில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துச் சமாளித்துவிடுவார்கள். ஆனால் உள்நாட்டு உற்பத்தி 1970-இலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. கையிருப்பில் துருப்புச் சீட்டு இல்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைல்தான் என்று சட்டம் வந்தது. வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா பார்த்துப் பெட்ரோல் போட்டார்கள்.

1974-இல் பணவீக்கம் 11 சதவீதம். 1975 மே மாதம் வேலையின்மை 9 சதவீதம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று பாடப்புத்தகம் சொன்னது. இரண்டும் சேர்ந்தே ஏறின. ஃபோர்ட் என்ன செய்தார் தெரியுமா? பணவீக்கத்தை விரட்டுவோம் என்று எழுதிய பட்டனைச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார். தோட்டத்தில் காய்கறி போடுங்கள், குறைவாகச் செலவு செய்யுங்கள், அவ்வளவுதான்.

இப்போது பேப்பர் சாரின் கேள்விக்கு வருகிறேன். பணவீக்கம் கட்சி அரசியலை எப்படி மாற்றியது? வரி வழியாக. விலைவாசிக்கு ஏற்பச் சம்பளம் 10 சதவீதம் ஏறினால் வாங்கும் சக்தி அதேதான். ஆனால் வருமான வரிப் படிநிலை மாறாமல் நிற்பதால் நீங்கள் மேல் படிக்குப் போய்விடுவீர்கள். ஏழையாகிக்கொண்டே பணக்காரனுக்கான வரியைக் கட்டுவது. படிநிலையை விலைவாசியோடு கட்டிப்போட்டது 1985-இல்தான். வீட்டுக்கும் இதே கதி. கலிஃபோர்னியாவில் வீட்டு விலை எகிற, சொத்து வரியும் கூடவே எகிறியது. கடனெல்லாம் அடைத்த வீட்டில் ஓய்வூதியத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு வீட்டின் மதிப்பு ஏறி என்ன லாபம்? விற்றால்தானே காசு. வரி மட்டும் இந்த வருடமே கட்ட வேண்டும். மாநிலக் கஜானாவிலோ பல நூறு கோடி டாலர் உபரி தூங்கியது.

1978 ஜூன் 6 அன்று வரி எதிர்ப்பாளர் ஹோவர்ட் ஜார்விஸ் கொண்டுவந்த 13-ஆம் பிரேரணை, அங்கே மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்டம், மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய ஓட்டோடு ஜெயித்தது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மதிப்பு வருடம் 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருமானம் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது. எதிர்த்துப் பிரசாரம் செய்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன், முடிவு வந்ததும் அதை முன்னின்று அமல்படுத்தினார். வரிக்குறைப்பு என்பது பணக்காரர் கோரிக்கை என்ற நிலை அன்றோடு போயிற்று. ரீகன் அந்த அலையில் ஏறி உட்கார்ந்தார், அலையை அவர் உண்டாக்கவில்லை.

செம்பருத்தி:

கணக்குப்பிள்ளை சார் எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் வீட்டுக்குள் யாருமே இல்லை. வரி கட்டும் ஒரு ஆண், வீடு வைத்திருக்கும் ஒரு கிழவர். பெண்கள் எங்கே? கறுப்பர்கள் எங்கே?

பாஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 ஜூனில் நீதிபதி கேரிட்டி தீர்ப்புச் சொன்னார்: நகரப் பள்ளிகள் திட்டமிட்டே வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன, பேருந்து வைத்துப் பிள்ளைகளை மாற்றுங்கள். கறுப்பர் வாழும் ராக்ஸ்பரியிலிருந்து ஐரிஷ் ஏழைகளின் தெற்கு பாஸ்டனுக்கும், அங்கிருந்து இங்குமாக. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது குழந்தைகள் இருந்த பேருந்தின் மேல் கல் விழுந்தது. தீர்ப்பில் எனக்கு மறுப்பில்லை, அந்தப் பிரிவினை உண்மையானது. கல் எறிந்தவர்களுக்கு வக்காலத்தும் வாங்க மாட்டேன்.

ஆனால் அதே வருடம் ஜூலை 25 அன்று டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னதைச் சேர்த்துப் படியுங்கள். நகரப் பள்ளிகளின் பிரிவினையைச் சரிசெய்யச் சுற்றியுள்ள புறநகர்களை இழுக்கக் கூடாது. ஆக, புறநகருக்குப் போக வசதி இருந்தவர் தப்பித்தார். மாட்டியது நகரத்தில் மிஞ்சிய ஏழை வெள்ளையரும் ஏழைக் கறுப்பரும். கேரிட்டியின் வீடே வெல்லஸ்லி என்ற பசையுள்ள புறநகரில்தான். இதைத் தெற்கு பாஸ்டன்காரர்கள் ஒரு நாளும் மறக்கவில்லை. ஜனநாயகக் கட்சிக்குப் பரம்பரை பரம்பரையாக ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். தங்கள் ஊர் செனட்டர் டெட் கென்னடியையே மேடையிலிருந்து துரத்திவிட்டார்கள்.

பெண்கள் பக்கம் வாருங்கள். 1972-இல் கல்வியில் பாகுபாட்டைத் தடுக்கும் ஒன்பதாம் பிரிவு. 1973 ஜனவரியில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு. 1974-இல் கடனில் சமவாய்ப்புச் சட்டம். அதுவரை கணவன் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் அட்டை கொடுக்க மறுப்பது சர்வசாதாரணம். சம உரிமைத் திருத்தம் செனட்டில் 84-க்கு 8 என்று நிறைவேறியது. நிக்சனே ஆதரித்தார். 38 மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் அரசியல் சாசனம் மாறிவிடும், ஒரே வருடத்தில் 30 வந்துவிட்டது. அப்புறம் 35-இல் நின்றது நின்றதுதான்.

நிறுத்தியவர் ஒரு பெண். இல்லினாய்ஸின் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி. அவருடைய ஆட்கள் வீட்டில் சுட்ட ரொட்டியைக் கொண்டுபோய்ச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொடுத்து, எங்களை எங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று கேட்டார்கள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த ரொட்டிக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. சாதாரணத் தொழிலாளியின் மணிக்கூலி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 1973 வாக்கில் உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியது. ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்ற நிலை. சில பெண்கள் விரும்பி வேலைக்குப் போனார்கள், சிலர் வேறு வழியில்லாமல் போனார்கள். அதே அலுவலக வாசலில் ஒருத்திக்கு விடுதலை, இன்னொருத்திக்குக் கட்டாயம். இரண்டாமவளிடம் போய், உன் குடும்பத்தைக் கலைத்தது பெண்ணியவாதிகள்தான் என்று சொன்னது ஷ்லாஃப்லி. உன் கணவன் கூலியைத் தின்றது பணவீக்கம் என்று சொல்ல யாரும் போகவில்லை.

வெட்டிப்பேச்சு:

மேடம் இடி இறக்கிவிட்டார். நான் மறுபடியும் பாட்டுக்கே போகிறேன். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில் ஒரு அடுக்குமாடியின் பொழுதுபோக்கு அறையில் கூல் ஹெர்க் என்ற பையன் தங்கைக்காக நடத்திய பார்ட்டியைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். ஊரே பற்றி எரிந்துகொண்டிருந்த காலம், வீட்டுக்காரர்கள் காப்பீட்டுப் பணத்துக்காகத் தாங்களே தீ வைத்த கதைகளும் உண்டு. ஆறு வருடம் கழித்து 1979 ஜூலை 12, சிகாகோ பேஸ்பால் மைதானம். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 செண்ட்டுக்கு டிக்கெட். தட்டுகளை நடு மைதானத்தில் வெடி வைத்துத் தகர்த்தார்கள், கூட்டம் உள்ளே பாய்ந்து மைதானத்தைப் பிய்த்துவிட்டது, இரண்டாவது ஆட்டமே ரத்து. டிஸ்கோ கறுப்பர்களும் ஓரினச்சேர்க்கையாளர்களும் வளர்த்த இசை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் கார்ட்டர் டெலிவிஷனில் வந்து, நாட்டுக்கு நம்பிக்கை நெருக்கடி என்று பேசினார். நேரம் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்.

ஓஹியோக்காரன்:

அந்தப் பேச்சு எடுபடவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் மறுநாள் அவர் செல்வாக்கு ஏறியது. இரண்டே நாளில் மந்திரிசபை முழுவதையும் ராஜினாமா கொடுக்கச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார்.

நான் கிளீவ்லாண்ட் பக்கம் இருக்கிறேன். வேலை நிமித்தம் யங்ஸ்டவுன் வழியாகப் போவதுண்டு. மஹோனிங் ஆற்றங்கரையில் மைல் கணக்கில் உருக்காலை நின்ற இடம் இப்போது புல்தரை. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் கேம்ப்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடுவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. கறுப்புத் திங்கள் என்றால் அந்த ஊரில் இன்றும் எல்லோருக்கும் தெரியும்.

ஜப்பான் எஃகு கொன்றது என்பது பாதி உண்மை. 1969-இல் இந்த நிறுவனத்தை வாங்கியது லைக்ஸ் என்ற கப்பல் கம்பெனி. தன்னைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனத்தைக் கடன் வாங்கி விழுங்கியது. அப்புறம் உருக்காலையில் வந்த பணம் கடனுக்கும் வேறு தொழிலுக்கும் போனது, உலைகள் பழசாகவே கிடந்தன. ஜப்பானில் புது உலை, இங்கே தாத்தா காலத்து உலை. யார் தோற்பார்கள்?

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். ஊர்ப் பாதிரியார்கள், யூத மதகுருக்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்து ஆலையை ஊரே வாங்கி நடத்தலாம் என்று கிளம்பினார்கள். "பள்ளத்தாக்கைக் காப்போம்" என்று வங்கிகளில் கணக்குத் திறந்து ஜனங்கள் சேமிப்பைப் போட்டார்கள். மத்திய அரசு கடன் உத்தரவாதம் தந்தால் போதும். 1979 மார்ச்சில் கார்ட்டர் அரசு மறுத்துவிட்டது. பத்தே மாதத்தில், 1980 ஜனவரியில், அதே கார்ட்டர் கிரைஸ்லர் கம்பெனிக்கு 150 கோடி டாலர் உத்தரவாதத்துக்குக் கையெழுத்துப் போட்டார். கிரைஸ்லர் பெரிது, பல மாநிலங்களில் ஆலை இருந்தது என்று நியாயம் சொல்லலாம். யங்ஸ்டவுனில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கீழவாசல்:

எல்லாம் சரி, இவர்கள் 1971 டிசம்பரில் இந்தியாவை மிரட்ட எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பிய ஆட்கள். அவர்கள் ஊர் ஆலை மூடியதற்கு நான் ஏன் கண்ணீர் விட வேண்டும்?

நெறியாளர்:

1971 போருக்குத் தனி இழை இருக்கிறது. அதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஹியோக்காரன்:

கீழவாசல் அண்ணே, கண்ணீர் விட வேண்டாம், ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள். யங்ஸ்டவுனிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பிட்ஸ்பர்க் அருகே பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில். திருப்பதி தேவஸ்தானத்தின் உதவியோடு 1976-77 வாக்கில் எழுந்தது. நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் குடமுழுக்கும் 1977 ஜூலை. 1965 குடியேற்றச் சட்டத்தின் வழியாக வந்த நம் ஊர் டாக்டர்களும் எஞ்சினியர்களும் கட்டியவை. உருக்குத் தொழிலாளிக்கு வேலை போன அதே வட்டாரத்தில் அதே வருடங்களில் நம் ஆட்கள் காலூன்றினார்கள். டாக்டர்களுக்குக்கூட 1976-இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள், அதற்கு முன் வந்தவர் பிழைத்தார். ஒரே பத்து வருடம், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு விதமாக ஓடியிருக்கிறது.

பழையபேப்பர்:

இன்னொன்று சேர்க்கிறேன். 1974-இல் ஜெயித்து வந்த ஜனநாயகக் கட்சியின் புது உறுப்பினர்கள் யார்? பெரும்பாலும் புறநகர்த் தொகுதி, படித்த இளைஞர்கள், ஊழல் ஒழிப்பு. தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர்கள் குறைவு. உள்ளே நுழைந்ததும் 1975 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையின் பழைய குழுத் தலைவர்கள் மூவரைக் கவிழ்த்தார்கள். அதில் ஒருவர் ரைட் பாட்மன், வாழ்நாளெல்லாம் வங்கிகளோடு மல்லுக்கட்டிய டெக்சாஸ் கிழவர். அதே வருடம் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது, கடைசி நேரத்தில் ஆசிரியர் சங்கம் தன் ஓய்வூதிய நிதியைப் போட்டுப் பத்திரம் வாங்கிக் காப்பாற்றியது. பதிலுக்குக் கிடைத்தது ஆள்குறைப்பு. அடுத்த வருடம் நகரப் பல்கலைக்கழகத்தில் இலவசக் கல்வியும் போயிற்று.

1978-இல் தொழிற்சங்கச் சட்டச் சீர்திருத்தம் வந்தது. ஜனாதிபதி, இரு சபைகள் எல்லாம் ஜனநாயகக் கட்சி கையில், செனட்டில் 61 இடம். இருந்தும் பேசிப் பேசியே இழுத்தடித்த எதிர்ப்பை ஆறு முறை முயன்றும் முறியடிக்க முடியாமல் மசோதா செத்தது. விமானத் துறையின் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் அதே வருடம் நிறைவேறிவிட்டது, டெட் கென்னடி ஆதரவோடு. ரீகனுக்கு முன்பே கட்சி திசை மாறியிருந்தது.

கணக்குப்பிள்ளை:

சரியாகச் சொன்னீர்கள். கடைசி ஆணியும் கார்ட்டர் அடித்ததுதான். 1979 ஆகஸ்டில் பால் வோல்க்கரை மத்திய வங்கிக்குக் கொண்டுவந்தார். அக்டோபர் 6, சனிக்கிழமை மாலை வோல்க்கர் அறிவித்தார்: இனிமேல் பணப்புழக்கத்தைப் பிடிப்போம், வட்டி எங்கே போனாலும் போகட்டும். 1980 முடிவில் வங்கிகளின் முதன்மை வட்டி 21.5 சதவீதம். வீடு கட்டுபவர்கள் விற்காத வீட்டுக்கான மரக்கட்டைகளை வோல்க்கருக்குத் தபாலில் அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டர் ஓட்டிக்கொண்டு வாஷிங்டன் வந்தார்கள். 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். 1980-இல் 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1983-இல் 3.2-க்கு இறங்கியது. மருந்து வேலை செய்தது, கசப்பைக் கார்ட்டர் குடித்தார், பெயர் ரீகனுக்கு.

பழையபேப்பர்:

அப்படியானால் யங்ஸ்டவுன் 1980-இல் ரீகனுக்குப் போயிருக்க வேண்டுமே?

ஓஹியோக்காரன்:

போகவில்லை. மஹோனிங் மாவட்டம் 1980-இல் கார்ட்டருக்கே ஓட்டுப் போட்டது, உத்தரவாதம் தர மறுத்த அதே கார்ட்டருக்கு. அதற்கப்புறமும் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிதான். கைவிட்டது 2020-இல். ரீகனிடம் போன தொழிலாளர் என்றால் எல்லோரும் காட்டுவது டெட்ராய்டுக்கு வடக்கே இருக்கும் மக்கோம்ப் மாவட்டத்தை. 1960-இல் கென்னடிக்கு அள்ளிக் கொடுத்த இடம்.

கணக்குப்பிள்ளை:

மக்கோம்பும் கார் ஆலை மாவட்டம்தானே? 1980-இல் மிச்சிகனில் வேலையின்மை எங்கே இருந்தது என்று பாருங்கள். என் வாதம் இன்னும் நிற்கிறது.

செம்பருத்தி:

நிற்கட்டும் சார், ஆனால் வரிசை இடிக்கிறது. டெட்ராய்ட் பள்ளி வழக்கில் கீழ் நீதிமன்றம் இழுக்கப் பார்த்த புறநகர்களில் மக்கோம்ப் மாவட்டத்துப் பள்ளிகளும் உண்டு. 1972 மே மாதம் மிச்சிகனில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்தபோது அந்த வழக்கு சூடாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்தது யார்? அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ், இனப்பிரிவினைக்காகப் பல்கலைக்கழக வாசலில் நின்ற அதே ஆள். அப்போது எண்ணெய்த் தடை வரவில்லை, மணிக்கூலி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, கார் ஆலைகள் முழுமூச்சாக ஓடின.